'முதியோர் இல்லம்' என்ற ஒரே சொல் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெற்றோரின் முதுமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், நம் வீடுகளில் அந்தப் பேச்சு 'இல்லத்தில் சேர்ப்பது பாவமா' என்ற கேள்வியைத் தாண்டுவதே இல்லை. எந்த வகை இல்லம், இரவில் அங்கே யார் இருப்பார்கள், அப்பாவோ அம்மாவோ எழுந்து நடக்க முடியாமல் போகும் நாளில் அந்த இடம் அவர்களை வைத்துக்கொள்ளுமா என்பதையெல்லாம் கேட்காமலேயே முன்பணத்தைக் கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் கட்டினேன்.

அப்பா காலமான பின், எண்பது வயதைக் கடந்த என் அம்மா, தன் விருப்பத்தின் பேரிலேயே கோவைக்கு அருகே முதியோருக்கென்று கட்டப்பட்ட குடியிருப்பு ஒன்றில் சேர்ந்தார். மூன்று வேளையும் சாப்பாடு, மாலையில் பஜனை, பேசிக்கொண்டிருக்கத் தோழிகள் என்று இரண்டு ஆண்டுகள் மனநிறைவோடு இருந்தார். பிறகு ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவமனையிலிருந்து அழைத்துப் போகும் வேளையில், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கூடியவர்கள் மட்டுமே இங்கு தங்கலாம் என்று நிர்வாகத்தினர் ஒப்பந்தத்தின் ஒரு பத்தியைக் காட்டினார்கள். அதில் என் கையெழுத்தும் இருந்தது. அம்மாவுக்கு வேறொரு இடத்தை நான் மருத்துவமனை வராந்தாவில் நின்றபடி தொலைபேசியில் தேட வேண்டியதாயிற்று.

அந்தத் தேடலில்தான் வேறுபாடுகள் புரிந்தன. நடமாட்டத்தோடு இருப்பவர்களுக்குச் சமையல், துப்புரவு ஆகிய சுமைகளைக் குறைக்கும் குடியிருப்பு ஒன்று. குளிக்கவும் உடுத்தவும் மாத்திரை எடுத்துக்கொள்ளவும் கைத்துணை தரும் இல்லம் வேறு. படுக்கையில் இருப்பவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து, சிறுநீர்க் குழாயையும் உணவுக் குழாயையும் கவனிக்கச் செவிலியரைக் கொண்ட இடம் முற்றிலும் வேறு. மறதி நோய் வந்தவருக்கு, வாசலைத் தாண்டி வழிதவறிப் போகாதபடி காக்கும் ஏற்பாடும் அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். விளம்பரப் பலகைகளில் இவை அனைத்துக்கும் ஏறக்குறைய ஒரே வாசகமும் சிரிக்கும் தாத்தா பாட்டி படமும்தான் இருக்கின்றன.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கட்டடத்தையும் அதை ஒப்படைக்க வேண்டிய காலத்தையும் பற்றிக் கேட்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் இரவுப் பணியில் செவிலியர் இருக்கிறாரா என்பது அதன் வரம்பில் இல்லை. ஆகவே வீட்டை வாங்குகிறோமா, குத்தகைக்கு எடுக்கிறோமா, முன்பணத்தில் எவ்வளவு எப்போது திரும்பும், பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் எந்தக் கணக்கில் உயரும், தம்பதியரில் ஒருவர் மறைந்தால் மற்றவருடைய நிலை என்ன என்பவற்றைக் கையெழுத்திடுவதற்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

இப்போது அம்மா என் வீட்டில் இருக்கிறார். வீட்டில் வைத்துப் பார்ப்பதே உயர்ந்தது என்று சொல்பவர்கள், இரவு இரண்டு மணிக்கு ஒருவரைத் தனியாகத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஏஜென்சி அனுப்பிய உதவியாளர்கள் நல்ல மனம் உள்ளவர்கள்; ஆனால் படுக்கைப்புண்ணைத் தொடக்கத்திலேயே கண்டறிய அவர்களில் பலருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன என்பதை, அம்மா படுத்துப் பல மாதங்கள் கழித்து அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அறிந்தேன்.

வசதியற்ற முதியோரின் நிலை இதைவிடக் கடினமானது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-இன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில், ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லங்களை மாநில அரசு அமைக்கலாம் என்கிறது. 'அமைக்க வேண்டும்' என்று அங்கே எழுதப்படவில்லை. அந்த ஒரு சொல்லின் நெகிழ்ச்சி எத்தனையோ பேரைத் தெருவில் விட்டுவிடக்கூடும். அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவையும் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். பராமரிப்போம் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர்கள் அதிலிருந்து தவறினால், எழுதிக்கொடுத்ததை ரத்து செய்யும்படி தீர்ப்பாயத்தை அணுகலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவைப்பது பெரியவர்களுக்குப் பாதுகாப்பு.

மாவட்டந்தோறும் உள்ள எல்லா முதியோர் இல்லங்களையும் குடியிருப்புகளையும் அரசு நேரில் ஆய்வு செய்து, எந்த நிலையில் உள்ளவரை எதுவரை அவை பராமரிக்கும், செவிலியர் எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு என்ற விவரங்களைத் தமிழில் பட்டியலாக வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் ஆட்சியர் அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். வீட்டு உதவியாளர்களுக்குக் குறைந்தபட்சப் பயிற்சியும் சான்றிதழும் கட்டாயமாக்கப்பட வேண்டும். தங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து எழுதி, உரிய துறையின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கோயம்புத்தூர்