கெடு கடந்தும் அகற்றாத மண்

ஆசிரியருக்கு,

ஒரு காலத்தில் ராக்கெட் எஞ்சின்களும் அணு உலைகளும் சோதிக்கப்பட்ட, கலிபோர்னியாவின் சான்டா சுசானா ஆய்வுக்கூட வளாகத்தைத் தூய்மைப்படுத்துவது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி படித்தேன். 1959 ஜூலையில் அங்கிருந்த, திரவ சோடியத்தால் குளிர்விக்கப்பட்ட அணு உலையின் 43 எரிபொருள் தொகுப்புகளில் 13 சேதமடைந்தன. கதிரியக்கம் வெளியேறாமல் தடுக்கும் கான்கிரீட் கவசம்கூட அந்த உலைக்கு இல்லை. மாசுபட்ட மண்ணை இயற்கை நிலைக்கே மீட்பதாக அமெரிக்க எரிசக்தித் துறையும் நாசாவும் 2010-இல் மாநில அரசுக்கு எழுதிக் கொடுத்தன. 2017 என்ற கெடு கடந்தும் வேலை முடியவில்லை. செலவைக் காரணம் காட்டித் தூய்மைப்படுத்தும் தரத்தைத் தளர்த்துவதை ஏற்கவே முடியாது.

2018 நவம்பரில் அந்த வளாகத்தில்தான் வூல்சி காட்டுத்தீ தொடங்கியது. அப்போது அதற்கு அருகிலுள்ள ஓக் பார்க் என்ற ஊரில் மகள் வீட்டில் இருந்தேன். வெளியேற்றப்பட்டுத் திரும்பியபோது சன்னல் விளிம்பெல்லாம் சாம்பல். ஈரத்துணியால் துடைத்தோம், பேரனை வாசலில் விளையாட விட மனம் வரவில்லை. வளாகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கெடுவும், தவறினால் நாள்தோறும் அபராதமும் விதிக்க வேண்டும். காற்று, நிலத்தடி நீர்ப் பரிசோதனை முடிவுகளை மாதந்தோறும் வட்டார நூலகங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கலாம்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
திருச்சி