காப்பு இறுகினால் காத்திருக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

உரும்பிராயில் முப்பது வருடமாக வெங்காயம் செய்கிறேன். 2021இல் என் மனைவிக்கு வலது மார்பில் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். வீட்டுக்கு வரும்போது துண்டில் எழுதித் தந்தது மருந்தும் அடுத்த கிளினிக் திகதியும்தான். பிறகு அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும் என்று ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரை எழுதமாட்டேன். அவளின் உயிரைக் காப்பாற்றித் தந்த இடம் அது.

பதினாலு மாதம் கழித்து ஒரு கலியாண வீட்டுக்கு வெளிக்கிடும்போது, "இஞ்சாருங்கோ, காப்பு ஏறுதில்லை" என்றாள். மணிக்கட்டுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. நோவில்லை என்றபடியால் விட்டுவிட்டோம். அயலில் ஒருவர் வாதநீர் என்றார். எண்ணெய் போட்டு அழுத்தி உருவினோம். இன்னொருவர் யானைக்கால் நோயோ, தொற்றுமோ என்று கேட்டார். அன்று முழுக்க அவள் அழுதாள். யானைக்கால் நுளம்பால் பரவும் புழுவால் வருவது. அதை இலங்கை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் ஒழித்துவிட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டது. இவளுடைய வீக்கம் யாருக்கும் தொற்றாது.

நான்கு மாதம் போனது. களை பிடுங்கும்போது விரலில் ஒரு சின்னக் கீறல். அன்றிரவே குளிர் காய்ச்சல். கை தோள்வரை சிவந்து கொதித்தது. ஆறு நாள் வாட்டில் வைத்து நாளத்தில் மருந்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு பிசியோதெரபிப் பிள்ளை எங்கள் இருவரையும் இருத்தி விளங்கப்படுத்தினா.

இரத்தத்தின் நுண்குழாய்களிலிருந்து நீர் எந்நேரமும் தசைக்குள் கசிகிறது. அதில் மிஞ்சுவதை, நாளுக்கு இரண்டு மூன்று லீட்டரை, நிணநீர்க் குழாய்கள் சேர்த்துக்கொண்டுபோய்க் காறை எலும்புக்குப் பின்னால் பெரிய நாளங்களில் விடுகின்றன. இதற்கு இதயம் மாதிரி ஒரு பம்ப் கிடையாது. குழாய்ச் சுவர் தானே சுருங்கித் தள்ளும். நாம் கையை ஆட்டுவதும் மூச்சு இழுப்பதும் அதற்குத் துணை. பின்னுக்கு வராமல் இடைக்கிடை வால்வுகள், கிணற்றுக்குள் இறக்கும் குழாயின் நுனியில் நாங்கள் பூட்டும் புட்வால்வு மாதிரி. காலில் புண் வந்தால் அரையில் நெறி கட்டும் என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. கிருமியைப் பிடித்து நிறுத்துகிற இடம். அக்குளில் அவற்றை எடுத்தால் கையிலிருந்து நீர் திரும்பும் வழி ஒடுங்குகிறது, கிருமிக்கு எதிரான காவலும் குறைகிறது. நீரோடு புரதமும் தேங்குவதால் நீர் மாத்திரை இதற்குச் சரிவராது. தேங்கிய புரதம் நாளடைவில் தோலடியைத் தடிப்பாக்கிவிடும். பிறகு அழுத்தினால் பள்ளமும் விழாது.

அந்தப் பிள்ளை எடுத்த எடுப்பிலேயே வீங்கிய இடத்தில் கை வைக்கவில்லை. முதலில் கழுத்து, பிறகு நெஞ்சு, தோல் சற்று நகரும் அளவுக்கு மட்டும் மெதுவாகத் தடவினா. மணிக்கட்டுக்குக் கடைசியாகத்தான் வந்தா. எனக்கு உடனே விளங்கியது. வாய்க்கால் அடைத்தால் நாங்களும் கடைசிப் பக்கத்தைத்தானே முதலில் வெட்டிவிடுவோம். நாங்கள் எண்ணெய் போட்டு உருவியது நேர்மாறான வேலை. கையை அசைக்காதே, குடம் தூக்காதே என்று நான் தடுத்ததும் பிழை. பயிற்சி வேண்டும், மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு. பகலில் கையில் போட ஒரு இறுக்கமான துணி உறை. அது இங்கே நாங்கள் கேட்ட கடைகளில் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தோம்.

என் கோரிக்கை இதுதான். மார்பகச் சத்திரசிகிச்சைக்கு முன்பே இரண்டு கையையும் நாடாவால் அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வொரு கிளினிக்கிலும் திரும்ப அளவுங்கள். ஒரு அளவு நாடா போதும். வீட்டுக்கு அனுப்பும்போது, காப்பு, மோதிரம், சட்டைக்கை இறுகினால் அந்தக் கிழமையே வரவேண்டும், கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்று தமிழில் ஒரு தாள் கொடுங்கள். இந்த வீக்கம் மாதங்கள் கழித்தும் வரும், வருடங்கள் கழித்தும் வரும். நோயாளி மறந்துபோனாலும் தாள் வீட்டில் இருக்கும்.

நாங்கள் கிழமைக்கொருமுறை அளந்து கொப்பியில் எழுதுகிறோம். இன்று காலை வலது கை இடது கையைவிட 2 சென்றிமீற்றர் கூட. ஒரு காலத்தில் 6 இருந்தது. எந்தக் கிளினிக்காவது அந்தக் கொப்பியைப் பார்க்க விரும்பினால் இருவருமே கொண்டுவந்து காட்டுவோம்.

இங்ஙனம்,
ஒரு தோட்டக்காரர்,
உரும்பிராய்.