மேலே நாலு விரல் இடம் விட்டு எழுது

பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. "நிரூபணம் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுப்பா, ஆராய்ச்சிக் கட்டுரையா எழுத உட்கார்ந்தா ஒரு வரி வர மாட்டேங்குது" என்று நீ சொன்னபோது உன் குரல் கம்மியதை அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்டாள். போனில் எனக்குச் சட்டென்று பதில் வராது, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் எம்.ஃபில். சேர்ந்து முடிக்காமல் விட்டது ஏன் என்று சின்ன வயசில் கேட்பாய். வேலைப்பளு என்பேன். அது பாதிதான் உண்மை. அப்போது பாலக்கோட்டில் வாடகை வீடு, நீ பிறக்கவில்லை, பகலெல்லாம் பள்ளிக்கூடம், ராத்திரி ஒன்பதுக்கு மேல் மேசை விளக்கைப் போட்டு உட்காருவேன். கணக்கெல்லாம் செய்து முடித்து நோட்டில் இருந்தது. ஆய்வேட்டின் முன்னுரைதான் வரவில்லை. முதல் பக்கம் நன்றாக வந்தால்தான் அடுத்த பக்கத்துக்குப் போவது என்று மனதில் ஒரு பிடிவாதம், அதையே பத்துப் பதினைந்து தரம் எழுதி எழுதிக் கிழித்தேன், கடைசியில் கெடு தாண்டிவிட்டது. அந்த நோட்டு இன்னமும் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. நீ இப்போது மாட்டிக்கொண்டிருப்பதும் அதே இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கு உன்னைக் கைவிடவில்லை கண்ணு, முதல் பக்கம்தான் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

இதில் வேடிக்கை இல்லை, வருத்தம்தான்: இதற்கான வழியை நான் வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். தேல்ஸ் தேற்றம் கேட்டால் சில பிள்ளைகள் "தரவு" என்று எழுதிவிட்டு அப்படியே உறைந்து போவார்கள். அமைப்பு தெரியும், எந்த முக்கோணங்களை ஒப்பிட வேண்டும் என்பதும் தெரியும், ஆனால் தொடக்கம் வராததால் தாள் வெள்ளையாகவே இருக்கும். அவர்களிடம் சொல்வேன், முதலில் படத்தைப் போடு, உனக்கு எந்த வரி நிச்சயமாகத் தெரியுமோ அதை எழுது, மேலே நாலு விரல் இடம் விடு, அப்புறம் வந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று. பாதிப் பேருக்கு மேல் கை ஓட ஆரம்பித்துவிடும்.

நீயும் அப்படியே செய். முன்னுரையைத் தொடாதே. உன் இரண்டாவது லெம்மா, பெரிய தேற்றத்துக்குப் படியாக வைத்திருக்கிறாயே அந்தத் துணைத் தேற்றம், அது உனக்குத் தூக்கத்திலும் வரும், அதை மட்டும் இன்றைக்கு எழுது. கணினியில் கூட வேண்டாம், அதில் உட்கார்ந்தால் எழுத்துரு, எண் வரிசை என்று பொழுது போய்விடும், பேனாவும் தாளும் போதும். பால் ஹால்மோஸ் என்ற கணிதப் பேராசிரியர் 1970-ல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: முதல் பகுதியை எழுது, இரண்டாவதை எழுது, திரும்பிப் போய் முதலாவதைத் திருத்து, இரண்டாவதைத் திருத்து, பிறகு மூன்றாவது, மறுபடி முதலிலிருந்து. ஒரே நேர்கோட்டில் எழுதி முடிப்பது கிடையாது, சுற்றிச் சுற்றி வருவதுதான். அதைப் படித்தபோது எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது.

முன்னுரைக்குக் கவலைப்படாதே, அதை நீ ஏற்கனவே சொல்லிவிட்டாய். பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் சாக்பீஸால் வரைந்து காட்டினாயே. தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், எல்லாம் புள்ளிகள், சாலைகள் கோடுகள், ஒரே ஊரில் சேரும் இரண்டு சாலைக்கு ஒரே நிறம் வரக்கூடாது. இரண்டு ஊருக்கு நடுவில் ஒரு சாலைக்கு மேல் இல்லாவிட்டால், ஓர் ஊரில் அதிகபட்சம் எத்தனை சாலை கூடுகிறதோ அத்தனை நிறம், மிஞ்சினால் இன்னும் ஒன்று, அதுவே போதும் என்று விசிங் என்ற கணித அறிஞர் 1964-ல் காட்டியதைச் சொன்னாய். அதற்குப் பிறகு "இதுல நான் கேக்கற கேள்வி வேறப்பா" என்று தொடங்கிப் பத்து நிமிஷம் பேசினாய். ஒரு இடத்தில் கூட நிற்கவில்லை. அம்மாவுக்கே பாதி புரிந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை அப்படியே எழுது.

இன்னொன்று. இதற்கு மேல் போகாது என்று நீ நிரூபித்த எல்லை 6 மடங்கு, அதை 2 மடங்காகக் குறைக்க முடியும் போலிருக்கிறது, அதுவரை எழுதப் பிடிக்கவில்லை என்றாய். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். யீடாங் ஜாங் என்ற கணித அறிஞர் 2013-ல் என்ன செய்தார்? அடுத்தடுத்த பகா எண்களின் இடைவெளி 7 கோடிக்கும் குறைவாக இருக்கும் ஜோடிகள் முடிவில்லாமல் உண்டு என்று நிரூபித்தார். 7 கோடி! அதைக் குறைக்கலாம் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? குறைத்த பிறகு அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டிருக்கவில்லை. வெளியே வந்ததும் உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து குறைத்தார்கள், மேனார்டு என்ற இளைஞர் அதே வருஷம் தனி வழியில் 600-க்குக் கொண்டுவந்தார், 2014-ல் 246. ஜாங் எழுதிக் கொடுத்ததால்தான் அவர்களுக்குக் கை வைக்க ஓர் இடம் கிடைத்தது. உன் 6-ஐ எழுது. 2 உனக்கே வரட்டும், இல்லை வேறு யாருக்காவது வரட்டும்.

சாப்பாட்டை விடாதே. அம்மா புதுப் புளியும் கேழ்வரகு மாவும் கட்டி வைத்திருக்கிறாள், திங்கட்கிழமை பார்சல் போடுகிறேன், கொல்கத்தாவுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகலாம்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் அந்த லெம்மாவைக் கையால் எழுதிப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அடித்தல் திருத்தல் எப்படி இருந்தாலும் சரி. எந்த வரியில் எனக்குப் புரியவில்லையோ அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அப்பா