எதற்கும் 'சரி' சொல்லும் ஃபங்ஷன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு நெல்லைப் பதிப்பில் இணையத்தில் பணம் கட்டுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பொறுமையாக, எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் பிரவுசரில் தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை என்ற வரி மட்டும் இடிக்கிறது. குரோம் பிரவுசர் அந்தப் பூட்டை 2023-லேயே எடுத்துவிட்டது. மோசடித் தளங்களும் பூட்டோடுதான் வருகின்றன, ஜனங்களோ பூட்டைப் பார்த்தாலே தளம் நல்ல தளம் என்று நம்பிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். அது போகட்டும். எங்கள் தெருவில் சங்கத் தவணை, பிள்ளைகள் ஃபீஸ், கரண்டு பில் எல்லாம் இப்போது செயலி வழியாகத்தான் போகிறது. செயலிக்குள் பூட்டுப் படம் ஏது? எதிர்முனையில் இருப்பது நிஜமான சர்வர்தானா என்பதில் கடைசி வார்த்தை, செயலியை எழுதியவர் உள்ளே வைத்திருக்கும் ஒரு சின்ன ஃபங்ஷனிடம், அதாவது ஒரு வேலையை மட்டும் செய்யும் சில வரிக் கட்டளைகளிடம், இருக்கலாம். நம் கண்ணுக்கு அது தெரியாது.

நான் பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடியே நெட்வொர்க் புரோகிராம் எழுதுகிறவள். பிறர் எழுதியதைச் சரிபார்த்துக் கொடுப்பதும் உண்டு. அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாதுகாப்பான இணைப்புக்கான வேலையை யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பிறர் ஏற்கெனவே எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பை, அதாவது ஓப்பன்எஸ்எஸ்எல் போன்ற லைப்ரரி ஒன்றை, எடுத்துப் பயன்படுத்திக்கொள்வோம். ஓப்பன்எஸ்எஸ்எல் தொடங்கியது 1998-இல். இன்று உலகத்தில் ஏராளமான சர்வர்கள் அதை நம்பித்தான் ஓடுகின்றன என்று தாராளமாகச் சொல்லலாம். ரகசியக் குறியாக்கம் முழுவதையும் லைப்ரரியே பார்த்துக்கொள்ளும். ஆனால் சில முடிவுகளை மட்டும், "இந்த இடம் வந்ததும் என்னைக் கூப்பிடு" என்று நாம் ஒரு ஃபங்ஷனைக் கொடுத்து வைக்கலாம். இதுதான் கால்பேக்.

என் பெரியப்பா சேரன்மகாதேவிப் பக்கம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். வண்டி வருவதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். இவர் கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டு ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார். அதை அவர் நோட்டில் குறித்துக்கொண்ட பிறகுதான் சிக்னல் கிடைக்கும். சர்டிஃபிகேட் என்பது 'நான் இன்ன சர்வர்தான்' என்று சர்வர் காட்டும் அடையாளச் சான்று. அதைச் சரிபார்க்கும் கால்பேக்கின் நிலையும் இதுதான். சர்வர் நீட்டுகிற சர்டிஃபிகேட்டை லைப்ரரி பார்க்கும்: கையெழுத்துப் போட்டவர் யார், தேதி முடிந்துவிட்டதா, அந்தக் கையெழுத்துக்காரரை நமக்குத் தெரியுமா என்றெல்லாம். பார்த்துவிட்டு, ஒன்றுக்கு இன்னொன்று கையெழுத்துப் போட்டு நிற்கும் சர்டிஃபிகேட் சங்கிலியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நம் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, 1 என்றோ 0 என்றோ தன் கருத்தையும் சேர்த்துச் சொல்லும். நாம் 1 என்று பதில் கொடுத்தால் வண்டி போகும், 0 என்றால் நிற்கும். லைப்ரரி 0 சொல்லியிருந்தாலும் நாம் 1 சொல்லலாம். வினையே இங்கேதான். கேட் திறந்து கிடப்பது ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரிந்திருந்தும், கேட் கீப்பர் நம்பர் சொல்லிவிட்டார் என்று வண்டியை விட்டுவிடுகிற கதை.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்துச் சங்கம் ஒன்று, பெயர் வேண்டாம், உறுப்பினர்கள் தவணை கட்டுவதற்கு ஒரு செயலியும், அலுவலகக் கம்ப்யூட்டரில் அன்றன்றைக்கு வரவை அனுப்ப ஒரு புரோகிராமும் செய்து வாங்கியிருந்தது. செயலாளர் அண்ணாச்சி தெரிந்தவர். கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா என்று கொடுத்தார். அலுவலகப் புரோகிராமில் அந்த ஃபங்ஷனைத் திறந்தால், உள்ளே ஒரே வரி: ரிட்டர்ன் 1. அதற்கு மேலே ஒரு குறிப்பு: 'டெம்பரரி, லைவ் போகும்போது எடுக்கணும்'. லைவ் போய் வருஷம் திரும்பியிருந்தது.

எழுதிய பையனைப் போனில் பிடித்தேன். கெட்டிக்காரப் பையன்தான். "அக்கா, அதை எடுத்தா 20-ங்கிற எரர் வருதுக்கா. பிரவுசர்ல அதே சர்வர் நல்லாத்தான் திறக்கு" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. 20 என்றால், இந்தச் சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட்டவரின் சர்டிஃபிகேட் என் கையில் இல்லை என்று லைப்ரரி சொல்வது. சர்வரை அமைத்தவர் தன் சர்டிஃபிகேட்டை மட்டும் வைத்துவிட்டு, அதற்கும் லைப்ரரிக்குத் தெரிந்த கையெழுத்துக்காரருக்கும் நடுவில் இருக்கும் இடைநிலைச் சர்டிஃபிகேட்டை விட்டிருந்தார். சர்டிஃபிகேட்டை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் வழியாகக் கிடைக்கும் கோப்புகளில் 'ஃபுல்செயின்' என்று இருப்பதை வைக்காமல், பக்கத்தில் இருந்த 'செர்ட்' கோப்பை வைத்திருக்கிறார், அவ்வளவுதான். குரோம் மாதிரி பிரவுசர்கள் விடுபட்டதைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். ஓப்பன்எஸ்எஸ்எல் தேடாது, ஆண்ட்ராய்டும் தேடாது. ஆக, கோளாறு சர்வரில், வைத்தியம் நடந்தது அலுவலகப் புரோகிராமில். கோப்பை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள், 20 போய்விட்டது. ஐந்து நிமிட வேலை. அத்தனை நாளும், நடுவில் யார் உட்கார்ந்து எந்தச் சர்டிஃபிகேட்டை நீட்டினாலும் அந்தப் புரோகிராம் வாங்கிக்கொண்டிருக்கும்.

செல்போன் செயலியில் இன்னும் மோசம். ஆண்ட்ராய்டில் 'செக் சர்வர் டிரஸ்டட்' என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. சர்டிஃபிகேட் பிடிக்கவில்லை என்றால் அது எக்ஸப்ஷன் (பிழை அறிவிப்பு) எறிய வேண்டும், எறியாமல் திரும்பினால் சம்மதம் என்று அர்த்தம். அந்தச் செயலியில் அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒன்றுமே இல்லை. வெறும் வெளி. அதாவது ஊரில் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சம்மதம். பஸ் ஸ்டாண்டிலோ லாட்ஜிலோ ஓசி வைஃபையில் இருந்துகொண்டு ஒருவர் தவணை கட்டினால், அந்த வைஃபையை நடத்துகிறவன் நினைத்தால் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகப் படிக்கலாம்.

இதை நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2012-இல் ஜெர்மனியில் ஹனோவர், மார்பர்க் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 13,500 இலவச ஆண்ட்ராய்டு செயலிகளைச் சோதித்தார்கள். 1,074 செயலிகளில் இந்த மாதிரி ஓட்டை இருக்க வாய்ப்பு தெரிந்தது. லைப்ரரி செய்தவர்கள் மீதும் தப்பு உண்டு. சர்டிஃபிகேட்டில் உள்ள பெயரும் நாம் கூப்பிட்ட சர்வரின் பெயரும் ஒன்றுதானா என்று பார்க்கும் வசதியை ஓப்பன்எஸ்எஸ்எல் 2015-இல் வந்த 1.0.2 பதிப்பில்தான் கொடுத்தது. அதுவரை அவரவர் கையால் எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்! இப்போதுகூட, நாமாகக் கேட்டால்தான் பார்க்கும்.

கூகுள் பிளே 2016 முதல் இப்படி வெறுமையாக விட்ட ஃபங்ஷன்களைத் தடுக்கப் பார்க்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் இந்தச் சங்கத்துச் செயலி பிளே ஸ்டோருக்கே போகவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் வந்த கோப்பை ஆளாளுக்கு இறக்கிப் போட்டிருந்தார்கள். சோதனைக்காகத்தான் திறந்து வைத்தோம் என்ற சாக்கும் இனி எடுபடாது. ஆண்ட்ராய்டு 7 வந்த நாளிலிருந்து, சோதனைப் பதிப்பில் மட்டும் தனிச் சர்டிஃபிகேட்டை நம்பும்படி அமைப்புக் கோப்பிலேயே எழுதலாம். வெளியே போகும் பதிப்பை அது தொடவே தொடாது.

வேறு கால்பேக்குகளும் இருக்கின்றன. ரகசியச் சாவி இருக்கும் கீ கோப்பின் பாஸ்வேர்டைக் கேட்பதற்கு ஒன்று. அதில் பாஸ்வேர்டையே நேராக எழுதி வைப்பவர்கள் உண்டு. இணைப்பின் ரகசியச் சாவிகளை ஒரு கோப்பில் எழுதித் தரும் கீலாக் கால்பேக் இன்னொன்று. பிழை தேடும்போது அருமையான சாமான், எடுக்காமல் விட்டால் வீட்டுச் சாவியைத் திண்ணையில் வைத்த மாதிரிதான்.

தென்காசிக்குப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ வந்த பிறகு, சென்னைக்கோ பெங்களூருக்கோ போகாமலே இந்தத் தொழிலில் நிற்கலாம் என்று நம் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வந்திருக்கிறது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் புராஜெக்ட் காட்ட என்னிடம் வரும் மாணவர்களிடம், தப்பான சர்டிஃபிகேட் கொடுத்துப் பார்த்தீர்களா என்று கேட்டால் முழிக்கிறார்கள். ஓடுகிறதா என்றுதான் மார்க் போடுகிறார்களாம். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. காலாவதியான சர்டிஃபிகேட், வேறு பெயரில் உள்ள சர்டிஃபிகேட் என்று விதவிதமாகத் தப்பு வைத்துக் காத்திருக்கும் பேட்எஸ்எஸ்எல் என்ற தளம் சும்மாவே கிடைக்கிறது. லேப் நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன?

செயலி செய்து வாங்கும் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புரோகிராம் வரிகளைப் படிக்கத் தெரிய வேண்டாம். மிட்ம்பிராக்ஸி என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. செயலிக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்து தன் சொந்தச் சர்டிஃபிகேட்டை நீட்டும். அதை ஒரு லேப்டாப்பில் ஓட்டிவிட்டு, செல்போனின் வைஃபை அமைப்பில் பிராக்ஸியாக, அதாவது நடுவழி ஆளாக, அந்த லேப்டாப்பைக் கொடுங்கள். அதன் சர்டிஃபிகேட்டைப் போனில் ஏற்றாதீர்கள். இப்போது செயலியைத் திறந்து லாகின் செய்யுங்கள். 'இணைக்க முடியவில்லை' என்று முறைத்துக்கொண்டு நின்றால் நல்ல செயலி. சமர்த்தாக உள்ளே போய், லேப்டாப் திரையில் உங்கள் பாஸ்வேர்டும் தெரிந்தால், எழுதியவரைக் கூப்பிடுங்கள். உள்ளேயும் போய் லேப்டாப்பில் ஒன்றும் தெரியாவிட்டால் செயலி பிராக்ஸியைச் சுற்றிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அதற்குத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

அண்ணாச்சி இப்போது புதுப் பதிப்புக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். கடைசித் தவணைப் பணம் இந்தச் சோதனையைத் தன் கண் முன்னால் செய்து காட்டிய பிறகுதான் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டாராம். பையனும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை.