தூங்காத பிள்ளையின் தாய்க்கு

அன்புள்ள தங்கைக்கு,

தெரபிக்குப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு நாம் காத்திருந்தபோது, 9 மணிக்குப் படுக்க வைக்கும் மகன் நள்ளிரவு வரை கட்டிலில் குதிக்கிறான் என்றீர்கள். உங்கள் வளர்ப்புதான் சரியில்லை என்றும் சொன்னீர்கள். அந்த இரண்டாவது பேச்சுக்காகவே இதை எழுதுகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தூக்கச் சிக்கல் உண்டு.

நாங்களும் அப்படித்தான் போராடினோம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்துவைத்த பிறகே, எப்போது படுக்க வைத்தாலும் 11.15க்கு முன் என் மகனுக்குத் தூக்கம் வருவதில்லை என்பது விளங்கியது. மருத்துவர் சொன்ன வழி எங்களுக்கு விசித்திரமாகப் பட்டது: 11.15க்கே படுக்க வையுங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமையானாலும் காலை 6.30க்கு எழுப்பிவிடுங்கள், பகலில் தூங்க விடாதீர்கள் என்றார். கட்டில் என்றாலே விழித்துக் கிடந்து அழும் இடம் என்று பழகிப்போன உடம்பை மாற்றத்தான் இந்த ஏற்பாடு. படுத்தவுடன் தூங்கத் தொடங்கிய பின், சில நாட்களுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னதாகப் படுக்க வைத்தோம். 9.30ஐ எட்ட இரண்டு மாதமாயிற்று. 9 மணி என்ற ஆசையை விட்டுவிட்டோம்.

நடுராத்திரி விழிப்புக்குக் காரணம் வேறு. எல்லோரும் இரவில் பலமுறை அரைகுறையாக விழித்து மீண்டும் தூங்குகிறோம். ஆனால் என் முந்தானையைப் பிடித்தபடி தூங்கிப் பழகியவன், விழிக்கும்போது அது கையில் இல்லையென்றால் வீறிட்டு அழுவான். பழைய நூல்சேலை ஒன்றின் முந்தானையை வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்தேன். துவைத்த அன்று மட்டும் அதை ஏற்க மாட்டான், வாசனை மாறிவிடுமாம். பல் துலக்குவது, சட்டை மாற்றுவது, கதை, விளக்கணைப்பது என நான்கு படங்களைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனையே திருப்பிவைக்கச் சொன்னதும் உதவியது. கைப்பேசியைப் படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே எடுத்துவிட வேண்டும்; முதல் வாரம் வீடு அதிரும்.

இவற்றுக்கெல்லாம் முன் மருத்துவரிடம் மலச்சிக்கல், குறட்டை, வலிப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள். படுக்கையில் கால்களை உதைத்துக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் புரதம்) அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச்சத்துக் குறைவும் கால்களை அப்படி அலைக்கழிக்கும். தூக்கத்துக்குக் கொடுக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் மருந்தைப் பற்றிக் கேட்டீர்கள். பழக்கங்களை மாற்றிப் பார்த்தும் போதாதபோதுதான் அது என்று அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தூக்கம் வரும் என்று சொல்லி விற்கும் எடை கூடிய போர்வைக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். பிரிட்டனில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், குழந்தைகளுக்கு அது பிடித்திருந்ததே தவிரத் தூக்கம் கூடவில்லை. சித்திரை மாதத்தில் அதைப் போர்த்துவது வேறு!

இன்றிரவே நோட்டைத் தொடங்குங்கள். படுத்த நேரம், உண்மையில் தூங்கிய நேரம், இடையில் விழித்த நேரம், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற நான்கும் போதும். அடுத்த முறை பார்க்கும்போது எடுத்து வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா