பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான், அதை அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுகிறேன்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மாலை நேரத்தில் பள்ளிக்கூடத்தை ஊர்ப் பெண்களுக்குத் திறந்துவிடலாம் என்று உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேச்சு வந்திருக்கிறது, தலைமையாசிரியையாக நீ தயங்குகிறாய், சரியா? இங்கே எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்ப்பது கிழக்கு லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில். பாடம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேட்டைத் திறந்துவிடுவோம். பிரேக்ஃபாஸ்ட் கிளப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு டோஸ்ட், பால், ஆப்பிள் துண்டுகள். விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் துப்புரவு வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு இது பெரிய உதவி. அலுவலக அறைக்குப் பின்னால் ஒரு வாஷிங் மெஷின் வைத்திருக்கிறோம். அழுக்குச் சட்டையோடு வரும் பிள்ளைக்கு வேறு யூனிஃபார்ம் கொடுத்துவிட்டு, அதைத் துவைத்துக் காயவைத்துச் சாயங்காலம் பையில் போட்டு அனுப்புவோம். அதைப் பற்றி வகுப்பில் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பெற்றோருக்கான ஆங்கில வகுப்பு. வங்கதேசத்திலிருந்து வந்த ஒரு தாய், மகனை வாசலில் விட்டதும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். டீச்சர் கூப்பிட்டால் பையன் என்ன தப்பு செய்தானோ என்று முகம் வெளிறிவிடும். அந்த வகுப்பில் அவர் முதலில் கற்றுக்கொண்டது, டாக்டரிடம் போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்குவது எப்படி என்பதை. தினமும் வீட்டில் வாசித்ததற்குப் பெற்றோர் கையெழுத்துப் போடுகிற நோட்டு ஒன்று இங்கே உண்டு. அவர் பையனின் நோட்டில் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். ஒரு நாள் அதற்குப் பக்கத்தில், "இந்தக் கதையை இரண்டு தடவை படித்தான், நாய் வரும் இடத்தில் சிரித்தான்" என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார். வகுப்பு ஆசிரியை அந்த நோட்டை ஓடிவந்து என்னிடம் காட்டினார். இப்போது அந்த அம்மா, யாரும் கூப்பிடாமலேயே உள்ளே வந்து ஆசிரியையிடம் பேசுகிறார். ஊருக்குப் பள்ளியைத் திறப்பதில் எனக்கு இருக்கும் நம்பிக்கை எல்லாம் இந்த மாதிரி மாற்றத்தில்தான்.

இங்கே இது புது யோசனை இல்லை. முதல் உலகப் போருக்குப் பிறகு கேம்பிரிட்ஜ்ஷயர் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஹென்றி மோரிஸ் என்ற கல்வி அதிகாரி 1924ல் ஒரு திட்டம் எழுதினார். பகலில் பிள்ளைகளுக்குப் பள்ளி, மாலையில் பெரியவர்களுக்கு வகுப்பு, நூலகம், கூட்ட அரங்கு, எல்லாம் ஒரே வளாகத்தில். இப்படிப்பட்ட வளாகத்துக்குக் கிராமக் கல்லூரி என்று பெயர். முதலாவது 1930ல் சாஸ்டனில் திறந்தது. 1939ல் திறந்த இம்பிங்டன் கிராமக் கல்லூரிக் கட்டடத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர், புகழ்பெற்ற ஜெர்மன் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ். கிராமத்துக்கு மிகச் சிறந்த கட்டடம்தான் வேண்டும் என்று மோரிஸ் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

2005ல் அரசாங்கமே இதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது. காலை எட்டு முதல் மாலை ஆறு வரை பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு, பாடம் தவிர்த்த மற்ற செயல்பாடுகள், பெற்றோருக்கு ஆதரவு, பேச்சுப் பயிற்சி போன்ற நிபுணர் உதவிக்கு உடனடி வழி, ஊராருக்குப் பள்ளி வசதிகள். 2010க்குள் எல்லாப் பள்ளிகளிலும் இவை கிடைக்க வேண்டும் என்பது இலக்கு. அந்த ஆண்டு ஆட்சி மாறியது. இதற்கென்று தனியாக ஒதுக்கிய பணமும் அப்புறம் நின்றுபோனது. பணம் போனதும் பல இடங்களில் முதலில் போனது, பெற்றோரோடு பேசுவதற்கென்றே இருந்த ஆட்கள். கட்டடம் இருக்கிறது, அறை இருக்கிறது, கதவைத் திறக்க ஆள் இல்லை. இதை நீ கட்டாயம் கவனிக்க வேண்டும்.

உன் தயக்கம் நியாயமானது. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே ஆசிரியர்கள் தலையில் எவ்வளவு இருக்கிறது! மாலைப் பொறுப்பையும் அவர்கள் தலையிலேயே கட்டினால் மூன்றே மாதத்தில் மூடிவிட வேண்டியதுதான். ஆனால் நம் ஊர்ப் பள்ளி எப்போது பாடத்துக்கு மட்டும் இருந்தது? ஓட்டுப் போடுவது அங்கே, போலியோ சொட்டு மருந்து அங்கே, வெள்ளம் வந்தால் ஊரே படுப்பது அங்கே. ஊருக்கு ஆபத்து என்றால் திறக்கும் கதவு, ஊருக்கு ஆசை என்றால் ஏன் திறக்கக் கூடாது?

என் யோசனை இது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் உங்கள் பள்ளிக்கும் வந்துவிட்டதே. சமைக்கிற சுய உதவிக் குழுப் பெண்கள் விடியும்போதே பள்ளிக்குள் இருக்கிறார்கள். ஊரில் எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களிடமிருந்தே தொடங்கு. வாரத்தில் ஒரு மாலை போதும். என்ன வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்: தையலா, வங்கிப் படிவம் நிரப்புவதா, எழுத்தா. நாமாக முடிவு செய்துகொண்டு போனால் மரியாதைக்கு ஒரு நாள் வந்துவிட்டு நின்றுவிடுவார்கள்.

மாலையில் பள்ளியைத் திறந்து பூட்டச் சாவியை வைத்திருக்கும் பெண்ணுக்கு மாதம் ஏதாவது ஒரு தொகை கொடுக்க ஊராட்சியிடம் கேள். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள் இல்லையா, அந்த முன்னுதாரணத்தைச் சொல். சும்மா செய்யச் சொல்லாதே. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தீர்மானம் அவர்கள் பெயரில் போகட்டும்.

சனிக்கிழமைகளில் எங்கள் கட்டடத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது, பெரும்பாலும் ஈழத்துக் குடும்பங்கள். அவர்களிடம் கட்டடத்தை ஒப்படைக்கும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்குவோம்: எந்த அறை, யார் பொறுப்பு, உடைந்தால் யார் சரிசெய்வது, யார் பூட்டுவது என்று. அதைத் தமிழில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். உங்கள் அடுத்த குழுக் கூட்டம் எப்போது என்று மட்டும் சொல், அதற்கு முன்பே கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தி