சயின்ஸ் சாருக்கு ஒரு பார்சல்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, பாப்பா எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் "சாப்பிட்டியா, குளிர் எப்படி இருக்கு" என்பதிலேயே பாதி நேரம் ஓடிவிடுகிறது, சொல்ல நினைத்தது அப்படியே நின்றுவிடுகிறது. அதனால்தான் லீவு நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னால் ஒரு வேலை ஆகணும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜப்பானில் நான் இருக்கிற ஐச்சி மாகாணம் முழுக்கக் கார் கம்பெனிகளும் அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கிற சின்னத் தொழிற்சாலைகளும்தான். பக்கத்தில் இருக்கிற ஊரின் பெயரையே 1959ல் டொயோட்டா என்று மாற்றிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள். நம்ம ஓசூரைப் பத்து மடங்காக்கி, ஹாரன் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி இருக்கும். காலையில் வேலை தொடங்கும் முன் ரேடியோ பாட்டுக்கு எல்லோரும் கையைக் காலை ஆட்டி உடற்பயிற்சி செய்யணும். 1928லிருந்து இந்த நாட்டில் இருக்கிற பழக்கமாம். முதல் நாள் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, நம்ம பி.டி. சாரின் மாஸ் டிரில்தான் நினைவுக்கு வந்தது, விசில் மட்டும்தான் இல்லை.

என் வேலை அளப்பது. இயந்திரத்திலிருந்து வருகிற சின்னச் சின்னத் தண்டுகளை எடுத்து, விட்டம் சரியா, நீளம் சரியா என்று பார்க்கணும். சேர்ந்த அன்றைக்கு லீடர் ஒரு வெர்னியரை, அதான் இரண்டு தாடைக்கு நடுவில் பொருளைப் பிடித்து அளக்கிற கருவியை, கையில் கொடுத்து ஒரு தண்டை அளக்கச் சொன்னார். நான் தண்டை எடுக்கவில்லை. முதலில் தாடை இரண்டையும் மூடி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இடுக்கு தெரிகிறதா என்று பார்த்து, பூச்சியம் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தண்டைத் தொட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த வாரம் என்னைச் சோதனைப் பிரிவில் போட்டார்கள்.

அது நானாகச் செய்ததா? ஒன்பதாம் வகுப்பில் சயின்ஸ் சார் அடித்து வைத்த ஆணி. வகுப்பு முழுக்க ஒரே ஒரு வெர்னியர், அதையும் பீரோ சாவிக்காகச் சண்டை போட்டுத்தான் வாங்கி வருவார். பெஞ்ச் பெஞ்சாகக் கை மாறும். யாராவது நேராகப் பொருளை வைத்து ரீடிங் சொன்னால் போதும், "சுழிப்பிழை பார்த்தியா?", அதாவது மூடினால் பூச்சியத்தில் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு வெர்னியரைப் பிடுங்கி அடுத்தவனிடம் கொடுத்துவிடுவார். நேர் பிழை என்றால் கழி, எதிர் பிழை என்றால் கூட்டு. இதை வாய்விட்டுச் சொன்னால்தான் அளக்க விடுவார். ஒரு பெண்ணின் வளையலை வாங்கி உள்விட்டம், வெளிவிட்டம் எடுக்க வைத்தார், பேனா மூடியின் ஆழம் எடுக்க வைத்தார், அப்புறம் இன்னும் நுணுக்கமாக அளக்கிற திருகு அளவி (ஸ்க்ரூ கேஜ்) வந்தபோது எங்கள் தலைமுடியையே பிடுங்கி அளக்கச் சொன்னார். பரீட்சைக்கு வரைபடம் போட்டால் போதும் என்று விட்டிருக்கலாம், மற்ற இடங்களில் அப்படித்தான் நடக்கும். அவர் விடவில்லை. இங்கேயும் எல்லாவற்றையும் விரல் நீட்டிச் சத்தமாகச் சொல்லித்தான் சரிபார்க்கணும். என்னோடு வந்த மற்ற பையன்களுக்குக் கூச்சம், எனக்கு அது காவேரிப்பட்டணத்திலேயே பழகிப்போன விஷயம்.

அளக்கிற அறை எப்போதும் 20 டிகிரியிலேயே இருக்கும். 100 மில்லிமீட்டர் எஃகு ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு மைக்ரானுக்கு, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, சற்று மேல் நீண்டுவிடும், அதனால் உலகம் முழுக்க 20 டிகிரியில் அளப்பதுதான் கணக்கு. தண்டவாளத்துக்கு நடுவில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று சார் கேட்டாரே, அதே சங்கதிதான். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் அந்த ஓட்டுக் கட்டடத்தில் நின்று அவர் அதைச் சொன்னதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

தமிழ் அம்மாவையும் சொல்லணும். 'ஐ, ஆல், கு, இன், அது, கண்' என்று பாட்டு மாதிரி ஒப்பிக்க வைத்தார்களே, அது இங்கே சோறு போடுகிறது. ஜப்பான் மொழியிலும் பெயருக்குப் பின்னால்தான் உருபு, வினை கடைசியில்தான். 'ஐ' வருகிற இடத்தில் 'ஓ', 'கு' வருகிற இடத்தில் பெரும்பாலும் 'நி', கத்தியால் வெட்டினான் என்பதற்கு 'தே'. எழுத்துதான் உயிரை எடுக்கிறது, அது வேறு கதை.

சாப்பாடு பரவாயில்லை, அரிசிச் சோறுதானே, கொஞ்சம் ஒட்டும். மாம்பழம் மட்டும் கேட்காதே. மியாசாகி மாம்பழம் என்று ஒரு பெட்டியில் ஒன்றே ஒன்றை வைத்து ஆயிரக்கணக்கான யென் விலை போட்டிருக்கிறான். நம்ம ஊரில் விலை விழுந்தால் பெங்களூராவைப் பறிக்கிற கூலிக்கே கட்டுவதில்லை. மாமாவிடம் சொல், பெருமூச்சு விடுவார்.

சரி, இப்போது அந்த வேலை. என்னோடு இருக்கிற ஓசூர்ப் பையன் ஆகஸ்டில் பெங்களூரு வருகிறான். அவனிடம் மிட்டுடோயோ என்கிற ஜப்பான் கம்பெனியின் திருகு அளவி ஒன்று கொடுத்து அனுப்புகிறேன். என் சம்பளத்தில் வாங்கியது, கம்பெனிச் சாமான் இல்லை, பயப்படாதே. சார் இப்போதும் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார் என்று பாப்பா சொன்னாள். செப்டம்பர் 5க்கு நீயே நேரில் போய் அவர் கையில் கொடு. சால்வை எல்லாம் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. உள்ளே நான் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன், நீ படிக்காதே. அளவியை மூடி வைக்கும்போது அதன் இரண்டு முகமும் ஒட்டாமல் துளி இடைவெளி விடணும், அது அவருக்கே தெரியும். பீரோவில் வைத்துப் பூட்டினால் மட்டும் எனக்குக் கோபம் வரும் என்று சொல்லிவிடு.

ஞாயிறு ராத்திரி கூப்பிடுகிறேன், இங்கே மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது, எட்டு மணிக்குள் போனை எடு.

அன்புத் தம்பி